இலவச ஆலோசனை

கொச்சி மட்டாஞ்சேரித் தமிழில் ஆலோசனை என்றால் புத்தி சொல்வது இல்லை, கல்யாணப் பேச்சு. மலையாளத்தில் அப்படித்தான், அந்த ஊர்த் தண்ணீரை நாற்பது வருஷம் குடித்தவர்களுக்கும் அப்படித்தான். “பையனுக்கு ஆலோசனை ஏதாவது வருதா?” என்று கேட்டால் யாரும் வக்கீலை நினைத்துக்கொள்ள மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கியலக்ஷ்மி வீட்டில் நடந்த கூத்து முழுவதும் இந்த ஒரு வார்த்தையால் வந்தது. முழுவதும் என்று சொன்னால் அநியாயம். பாதி வார்த்தையால் வந்தது, மீதி பாக்கியலக்ஷ்மியால் வந்தது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பஜார் ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் திப்பிலியும் ஓமமும் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் எட்டில் செவ்வாய். பதினொரு பேர் வந்தார்கள், பதினொரு பேரும் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்காமலே போனார்கள். செவ்வாய்க் கிரகத்தை அவள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை, அது மட்டும் அவளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி ஹரிஷங்கருக்கு முப்பத்தொன்று. தேவராவில் கட்டிடக் காண்டிராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசர். சாயாவைத் தவிர வேறு எதையும் குடித்து அறியாதவன், அதுவும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. அவனுக்கும் செவ்வாய், ஏழில். இரண்டு ஆலோசனைகள் அதில் தட்டிப்போயின. மூன்றாவது ஆலோசனை திருப்பூணித்துறையிலிருந்து வந்தபோது பாக்கியலக்ஷ்மி ஒரு முடிவுக்கு வந்தாள். தன்னை வீட்டில் உட்காரவைத்த காகிதம் தம்பியையும் உட்காரவைக்க விடக்கூடாது.

தரகர் ராசப்பன் பெண்வீட்டுக்கு ஹரியின் நட்சத்திரத்தை மட்டும்தான் சொல்லியிருந்தார். நட்சத்திரம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறோம், முழு ஜாதகத்தை அப்போது வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை மருந்துக் கடை முதலாளி வீட்டில் கல்யாணம், கடைக்கு விடுமுறை. ஹரி வேலைக்குப் போயிருந்தான். அம்மா ஒச்சம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஹரியின் லேப்டாப் மேஜைமேல் இருந்தது.

ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதற்காக ஹரி ஒருமுறை அதைத் திறக்கவும் தேடவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் ‘இலவச ஜாதகம் தமிழ்’ என்று தட்டினாள். வந்த பக்கத்தில் டவுன்லோட் என்று நான்கு பச்சைப் பட்டன்கள் இருந்தன. எது நிஜம், எது விளம்பரம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். இருப்பதிலேயே பெரியதை அழுத்தினாள்.

அதன்பிறகு ஆங்கிலத்தில் கேள்வி கேள்வியாக வந்தது. ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் என்னென்னவோ, பக்கத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்கள், கட்டத்துக்குள் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. டிக் போட்டிருந்தால் சரி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அவள் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் மூலையில் ஒரு பெட்டி எழுந்து, அறிவிப்புகளைக் காட்டலாமா என்று தமிழிலேயே பணிவாகக் கேட்டது. யாரும் அவளிடம் அனுமதி என்று எதற்கும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சந்தோஷமாகவே ‘அனுமதி’யை அழுத்தினாள்.

ஜாதக சாஃப்ட்வேர் திறந்துகொண்டது. தம்பி பிறந்த தேதியைப் போட்டாள். நேரத்துக்கு முதலில் உள்ளதையே போட்டாள்: அதிகாலை நான்கு நாற்பது. அந்த நேரம் அவளைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு உறுதியாகத் தெரியாது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள் ஹரி வீட்டிலேயே பிறந்துவிட்டான். பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டு சஃபியா உம்மா, கதவோரம் நின்ற எட்டு வயதுப் பெண்ணிடம், “மணி பாரு மோளே” என்றாள். அவள்தான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். சஃபியா உம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தக் கடிகாரமும் போயிற்று.

நான்கு நாற்பதுக்கு, செவ்வாய் ஏழில். அவள் ஐந்து நிமிஷம் கூட்டினாள். செவ்வாய் அசையவில்லை. இன்னும் ஐந்து கூட்டினாள். அப்போதும் அசையவில்லை. ஐந்து பத்து என்று போட்டதும் லக்னம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது, செவ்வாய் ஏழிலிருந்து ஆறுக்கு வந்து சாதுவாக உட்கார்ந்துகொண்டது. தோஷம் இல்லை. பாக்கியலக்ஷ்மிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெறும் அரை மணி நேரம். கொச்சியில் பஸ்ஸே அவ்வளவு தாமதமாக வரும். இந்த அரை மணிக்காகவா மனுஷர்களை இந்தப் பாடு படுத்துகிறார்கள்!

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அழகாகப் பிரிண்ட் எடுத்தாள். பழைய கையெழுத்து ஜாதகம் பூச்சி அரித்துப்போச்சு, கம்ப்யூட்டரில் போட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். பூச்சி ஒன்றும் அரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் அந்தப் பழைய ஜாதகத்தை இரண்டாகக் கிழித்து, யாரோ ஒரு சேட்டனுக்கு ஓமமும் இன்னொருவருக்குக் கடுக்காயும் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெண்ணின் அம்மா கமலாக்ஷியும் அவர் தம்பி கோவிந்தும் வந்தார்கள். நல்ல மனுஷர்கள். வீடு சின்னதாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கவில்லை, பழம்பொரியை ஆளுக்கு இரண்டு தின்றார்கள். ஹரி லேப்டாப்பைத் திறந்து தான் மேற்பார்வை பார்க்கும் கட்டிடத்தின் படங்களைக் காட்டினான். பிறகு சாயா எடுத்துவர உள்ளே போனான். லேப்டாப்பின் முன்னால் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

‘டிங்’ என்று ஒரு சத்தம். மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு புருஷனும் பெண்ஜாதியும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மேலே பொடியாக ஏதோ எழுதியிருந்தது, கீழே கொட்டை எழுத்தில் இருந்ததை ஒச்சம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். உசிலம்பட்டியில் ஐந்தாவது வரை படித்தவள். பிள்ளைகள் இருவருக்கும் மலையாளம்தான் சரளம், தமிழ் எழுத்தைப் படிப்பதில் அம்மாவுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

“இலவச ஆலோசனை!” என்றாள், வந்தவர்கள் காதில் நன்றாக விழும்படி. “பாத்தீங்களா, இப்ப எல்லாம் இதுலயே வந்துருது. எங்க ஹரிக்குத்தான் வந்திருக்கும். நாள் தவறாம ஆலோசனை வந்துக்கிட்டேதான் இருக்கு. எந்தூர்னு பாப்போம்.”

பையனுக்கு வேறு இடங்களும் வருகின்றன என்று பெண்வீட்டாருக்குத் தெரியட்டுமே என்று ஒரு சின்ன ஜம்பம். வேறு கெட்ட எண்ணம் இல்லை. விரலை வைத்து அழுத்திவிட்டாள்.

திரை முழுக்க ஒரு உடைந்த பாட்டில் வந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு ஒருத்தன். ‘குடியை மறக்க இலவச ஆலோசனை.’ போதாததற்கு ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு குரல், “நண்பரே, நீங்கள் தனியாக இல்லை. இன்றே குடியை விட்டுவிடுங்கள்” என்று வீடு அதிர ஆரம்பித்தது. ஒச்சம்மாள் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். அது இன்னொரு பக்கத்தைத் திறந்தது, அங்கேயும் அதே நண்பர். சாயாவோடு வந்த ஹரி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து மூடியை அடைத்தான். மூடிக்குள்ளிருந்தும் இரண்டு விநாடி, “தயங்காதீர்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் அது அடங்கியது.

கோவிந்த்தான் சாயாவை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நாம என்ன தேடுறோமோ அதுதான் இதுல வரும். நான் ஒருக்கா மூட்டுவலிக்கு எண்ணெய் தேடினேன். பின்னே ஒரு மாசம் எண்ணெயோட எண்ணெய்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கமலாக்ஷி ஜாதகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லியனுப்புகிறோம் என்று விடைபெற்றார். பாக்கியலக்ஷ்மி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த டிக் போட்ட கட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“அக்கா, நீ ஏதாவது இதைத் தொட்டியா?” என்று ஹரி கேட்டான்.

“நான் எதுக்குடா தொடுறேன்? எனக்கு அதுல என்ன தெரியும்?”

இவ்வளவு வேகமாக ஒரு பொய் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் ராசப்பன் போன் செய்தார். ஜாதகம் சேரவில்லையாம். ஒச்சம்மாள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“நட்சத்திரம் சேர்ந்துச்சாம், ஜாதகம் சேரலையாம். மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம ஒரு சாக்கு. ஏண்டா ஹரி, எத்தனை நாளா இந்தப் பழக்கம்?”

ஜாதகம் சேரவில்லை என்பது சாக்கு என்று மற்ற யாரையும்விட உறுதியாக நம்பியவள் பாக்கியலக்ஷ்மிதான். தோஷமே இல்லாத ஜாதகம், அவளே உட்கார்ந்து ஐந்து ஐந்து நிமிஷமாகச் செதுக்கியது, அது எப்படிச் சேராமல் போகும்? அந்தப் பாட்டில்தான் காரணம். அதாவது தான்தான் காரணம்.

ஹரி சத்தியம் செய்தான். அம்மா நம்பவில்லை. “ஒண்ணும் தேடாம அது வருமா? அந்த மனுஷன் சொன்னாரே” என்பதே அவள் பதில். அவன் குளிக்கப் போனால் அவன் சட்டையை மோந்து பார்த்தாள். வேலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் வாசலில் வந்து நின்றாள். சிமெண்ட் வாசனைக்கும் சாராய வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? தெரியும். சந்தேகம் வந்துவிட்டால் மூக்கும் அதன் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

பாக்கியலக்ஷ்மி ஜாதக சாஃப்ட்வேரை எப்படியோ தடவித் தடவி நீக்கிவிட்டாள். டிங் சத்தம் நிற்கவில்லை. வாடகைக்கு வந்தவனைக் காலிசெய்த பிறகும் அவன் கூட்டிவந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு, கொச்சங்காடியில் மொபைல் கடை வைத்திருக்கும் விக்கியிடம் போனாள்.

விக்கி இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்தான். “என்ன சேச்சி, வீட்டைத் தொறந்து போட்டுட்டீங்களா? நாலு ஆள் உள்ள இருக்கானுங்க.”

“நான் ஒண்ணுதாம்ப்பா எறக்கினேன்.”

“ஓசியில எறக்கினா அது தனியா வராது சேச்சி. அவனுக்கும் பொழப்பு நடக்கணுமில்ல? கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வரும். அந்த டிக்கையெல்லாம் எடுத்துவிட்டுட்டு நெக்ஸ்ட் அடிக்கணும். எறக்கணும்னா அதை உண்டாக்கினவங்களோட சொந்த சைட்ல போய் எறக்கணும். பச்சை பட்டனைக் கண்டா அழுத்தக் கூடாது.” பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக நீக்கினான். ப்ரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கினான். “இந்தா, அறிவிப்புக்கு அனுமதி குடுத்திருக்கீங்க. அதான் டிங் டிங்னு வருது. அடைச்சாச்சு.”

“விக்கி, தேடினாத்தானே அந்த விளம்பரம் வரும்?” அவள் துணிப்பையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாம் அப்படி இல்ல. இது சும்மா ஊருக்கெல்லாம் எறியுறது. குடிகாரன் வீட்டுக்கும் வரும், பூசாரி வீட்டுக்கும் வரும்.”

ஆக, ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் ஒரு ஓசி சாஃப்ட்வேர் இறக்கினேன், அதோடு இது வந்தது. அதைச் சொன்னால் ஹரி மேல் விழுந்த பழி அந்த நிமிஷமே போய்விடும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்ன சாஃப்ட்வேர்? எதற்கு? கொச்சங்காடியிலிருந்து கடைக்கு நடந்த அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் சொல்லிவிடுவது என்று நான்கு முறை முடிவுசெய்தாள், வேண்டாம் என்று ஐந்து முறை முடிவுசெய்தாள். வேண்டாம் ஜெயித்தது.

அன்று சாயங்காலம் அம்மா அவளை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“உங்க கடையில குடியை மறக்கடிக்கிற பொடி இருக்காமே. சாயாவுல கலந்து குடுத்தா தெரியாதாமே. கொண்டா.”

அப்படிக் கேட்டு வரும் பெண்களை பாக்கியலக்ஷ்மி பார்த்திருக்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து கேட்பார்கள். அப்படி ஒன்று கிடையாதம்மா என்று முதலாளி சொல்லி அனுப்பிவிடுவார். அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா வேறு எங்காவது போய் வேறு எதையாவது வாங்கிவந்து கலப்பாள். பயந்துபோய் மறுநாள் அதிமதுரப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். தொண்டைக்கு நல்லது, கெடுதல் ஒன்றும் இல்லை. தினமும் காலையும் மாலையும் ஒச்சம்மாள் அதை மகன் சாயாவில் கலக்கினாள்.

“சாயா என்னம்மா ஒரு மாதிரி இனிக்குது?” என்றான் ஹரி.

“புது சர்க்கரை” என்றாள் அம்மா. பாக்கியலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினாள். குற்ற உணர்ச்சி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்கு அதிமதுரத்தின் வாசனை என்று அவளுக்கு அன்றிலிருந்து ஆகிவிட்டது. கடையில் அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒச்சம்மாள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “பாத்தியா பாக்கியம், அந்த டிங் டிங் இப்ப வர்றதே இல்ல. குடிக்கிற நெனப்பு போயிருச்சு, அதான் விளம்பரமும் போயிருச்சு. மருந்து கேட்டுருச்சு!”

விக்கி கேட்டிருந்தால் கடையை மூடிவிட்டுச் சிரித்திருப்பான். அவளுக்கு அழுகை வந்தது. அம்மா அதோடு நிற்கவில்லை. சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் ராசப்பனுக்குப் போன் போட்டு, “எங்க பையன் சுத்தமா நிறுத்திட்டான், திருப்பூணித்துறைக்காரங்ககிட்டே சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாள். ராசப்பன் வாயில் விழுந்தது தேவரா வரை போயிற்று.

மறுநாள் ஹரி வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல் அப்படியே இருந்தான். பாக்கியலக்ஷ்மி கடையிலிருந்து வந்தவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கைகுடுத்தாருக்கா. நிறுத்திட்டியாமே, நல்லதுன்னாரு.” அவன் சிரிக்க முயன்றான். “குடிக்கிறவன் நிறுத்தினா நிரூபிக்கலாம். குடிக்காதவன் எதைக்கா நிறுத்துவான்? இனிமே எனக்கு ஆலோசனையே வேண்டாம். அம்மாகிட்டே சொல்லிரு.”

அவள் அவன் தோளைத் தொடப் போனாள், தொடாமல் உள்ளே போனாள். தொட்டால் சொல்லிவிடுவோம் என்று பயம். தன் கல்யாணத்தைக் கெடுத்தது ஒரு கிரகம் என்று சொல்லிக்கொள்ளலாம். தம்பி கல்யாணத்தைக் கெடுத்தது யார் என்று யாரைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருத்தருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். தோப்பும்படியில் பஸ் மாறி வைற்றிலா, அங்கிருந்து மெட்ரோ. கமலாக்ஷியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து வாசலில் போய் நின்றபோது மணி பதினொன்று. கமலாக்ஷி அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் தம்ளரை வாயில் வைக்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

“என் தம்பி குடிக்கிறவன் இல்லம்மா. அன்னைக்கு வந்த விளம்பரம் அவன் தேடி வந்தது இல்ல. அவனுக்குத் தெரியாம நான்தான் ஒரு ஓசி சாஃப்ட்வேர் எறக்கினேன். அதோட ஒட்டிக்கிட்டு வந்தது. ஒரு பாவமும் அறியாதவன் அவன்.”

கமலாக்ஷி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அதை நாங்க அன்னைக்கே விட்டுட்டோமே. எங்க சங்கரி கம்ப்யூட்டர் படிச்சவள்ல? வந்து சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா. ‘அம்மா, கண்டதை டவுன்லோட் பண்ணினா அப்படித்தான் வரும், அதுக்கும் பையனுக்கும் என்ன’ன்னா. என் தம்பிக்குத்தான் ஒண்ணும் தெரியல, எண்ணெய்க் கதையைச் சொல்லிக்கிட்டு.”

“அப்ப… வேண்டாம்னு சொன்னது?”

“ஜாதகம் சேரலைன்னு சொன்னோமே. ராசப்பன் சொல்லலையா?” கமலாக்ஷி குரலைத் தாழ்த்தினார். “சங்கரிக்குச் செவ்வாய் தோஷம். செவ்வாய் இருக்கிற பையனாத்தான் பாக்குறோம். ரெண்டு பக்கமும் இருந்தா தோஷம் இல்லைன்னு எங்க ஜோசியர் சொல்லிருக்காரு. உங்க தம்பிக்குச் சுத்த ஜாதகமாப் போச்சே. எங்களுக்கும் வருத்தந்தான். நல்ல பையன். சங்கரிக்கும் போட்டோவைப் பாத்துப் பிடிச்சுத்தான் இருந்துச்சு.”

பாக்கியலக்ஷ்மி தம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் அவள் அழுததெல்லாம் தப்பான இடத்தில் அழுதது. பாட்டில் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தது அந்த அரை மணி நேரம். அவள் கையால் நகர்த்திய செவ்வாய் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால், இந்நேரம் இந்த வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சொல்லத்தான் வேண்டும். இனி மறைக்க என்ன இருக்கிறது?

“அவனுக்கும் செவ்வாய் உண்டும்மா” என்றாள். “ஏழில். அவன் பொறந்தது அஞ்சு பத்துக்கு இல்ல, நாலு நாற்பதுக்கு. தோஷம் இருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு நான்தான் நேரத்தை மாத்தினேன். அந்த ஓசி சாஃப்ட்வேர் அதுக்குத்தான் எறக்கினேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. அவனுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணும் தெரியாது.”

கமலாக்ஷி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பழைய ஜாதகம் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல. கிழிச்சுட்டேன்.”

“நேரத்துக்கு வேற யாராவது சாட்சி?”

“நான்தான் கடிகாரம் பாத்தேன். எனக்கு அப்ப எட்டு வயசு.”

கமலாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மோளே, நீங்க சொல்றது நெஜமா இருக்கலாம். ஆனா என் எடத்துல இருந்து பாருங்க. தோஷம் இல்லாத பையன்தான் எங்களுக்கு வேணும்னு நீங்க நெனச்சப்ப அஞ்சு பத்து. செவ்வாய் வேணும்னு நான் சொன்ன ஒடனே நாலு நாற்பது. இதை நான் எங்க ஜோசியர்கிட்டே எந்த மொகத்தோட சொல்லுவேன்? என் பொண்ணு வாழ்க்கையில்லையா?”

பாக்கியலக்ஷ்மி தலையாட்டினாள். கமலாக்ஷி சாப்பிட்டுப் போகச் சொன்னார். அவள் அந்தத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது சாயா நேரம். ஹரி மேஜையில் உட்கார்ந்திருந்தான். அம்மா தம்ளரில் பொடியைக் கலக்கிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பாக்கியலக்ஷ்மி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அந்தத் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“குடிக்காதேடா. இதுல பொடி கலந்திருக்கு. வெறும் அதிமதுரம். நான்தான் அம்மாவுக்குக் கொண்டாந்து குடுத்தேன்.”

பிறகு நிறுத்தவில்லை. பச்சைப் பட்டன், டிக் போட்ட கட்டங்கள், ஐந்து ஐந்து நிமிஷமாக நகர்ந்த செவ்வாய், ஓமம் கட்டிப்போன ஜாதகம், விக்கி, திருப்பூணித்துறை, சங்கரிக்குப் போட்டோ பிடித்திருந்தது, எல்லாம் சொன்னாள். ஒச்சம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மகனை மோந்து மோந்து பார்த்த அந்த மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஹரி கத்துவான் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. மேஜையில் விரலால் ஒரு கட்டம் போட்டான், அழித்தான்.

“அப்ப நெஜத்துல நான் எத்தனை மணிக்குக்கா பொறந்தேன்?”

“நாலு நாற்பது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவள் சொன்ன எதையும் அவன் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததில்லை. இப்போது மெதுவாகத் திரும்பினான்.

“எத்தனை மணிம்மா?” என்று ஒச்சம்மாளைக் கேட்டான்.

“எனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் அம்மா. “வலியில கெடந்தவ மணியா பாத்துக்கிட்டிருப்பா? உங்க அக்காதானே பாத்துச் சொன்னா.”